முந்திக்கொண்டவள்

நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் காலை.
ஒரு காலை பூட்ஸுக்குள் நுழைத்தபடியே
ரெய்னோ கட்டிலில் சாய்ந்தான்.
அந்த நொடியே ஏரிக்கரை வீடு முழுதும் என்னுடையதாம்.
நான் பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில்
உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வக்கீல் ஹெய்டி ப்ரூசோ சொன்னாள்:
பிழைத்திருப்பவருக்கே முழுவதும்,
பத்திரம் அப்படி.
நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்,
உயிரோடு இருந்தால் போதும்.
அறுபத்தேழு வயதில்
சும்மா இருந்ததற்குக் கிடைத்த முதல் கூலி.

எழுதிய வாரம் நினைவிருக்கிறது.
கேட்காமல் மகள் டிரக்கை விற்றுவிட்டாள் என்று
அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
என் பெயரை ஆணிபோல அடித்தான்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
காபி ஆறிக்கொண்டிருந்தது. அதுதான் என் சாக்கு.

வேண்டாமென்று சொல்லலாமா?

சொல்லலாம். ஒன்பது மாதம் இருக்கிறது.
அதுவரை அவன் பாதியில் விரல் வைக்கக் கூடாது.
இன்னாருக்குப் போகட்டும் என்று கைகாட்டவும் கூடாது.
கொடுப்பது வேறு, வாங்காமலிருப்பது வேறு.
மறுத்துவிட்டால், அந்தப் பாதியைப் பொறுத்தவரை
நீங்கள் அவருக்கு முன்பே இறந்தவர்.

ஏப்ரலில் ஏரி உடைந்ததும் போனேன்.
எந்தப் பாதி எனது?
அடுப்பா, புகைபோக்கியா?
பாதி என்பது கோடு இல்லை, ஹெய்டி சொல்லியிருந்தாள்,
பாலில் கலந்த தண்ணீர்.
இருந்தாலும் படகுத்துறையில்
கிழக்குப் பலகைகளில் மட்டும் உட்கார்ந்தேன்.
சௌனாவில் அவன் பெஞ்சின்மேல்
துண்டுகூடப் போடவில்லை.

ஜூனில் மரக்கம்பெனியின் செக் வந்தது.
பின்சரிவில் வெட்டிய மரங்களுக்கு
பதினோராயிரத்து நானூறு டாலர்,
முழுதும் என் பெயரில்.
என் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
பேனாவைத் திறந்தேன். முதல் எழுத்துவரை போனது கை.
நல்லவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
மூன்று வாரம் அது ரொட்டிப் பெட்டிக்கடியில் கிடந்தது,
தினமும் ரொட்டி எடுத்தேன்.
பிறகுதான் அனுப்பினேன்: இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

மார்லிஸிடம் நான் சொல்லவில்லை.
க்ரீன் பேயில் இரவு ஷிப்ட் அவளுக்கு.
அடக்கத்தன்று கடைசி வரிசையில்
கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.
ரெய்னோவின் உயில் தொண்ணூற்றெட்டில் எழுதியது,
எல்லாம் மகளுக்கு.
அதை மாற்ற மறந்தானா,
மறந்ததுபோல் விட்டுவைத்தானா,
தெரியவில்லை. திருப்புளிகூட
இரண்டாக வாங்கி வைப்பவன் அவன்.
கோபத்துக்கு ஒரு பத்திரம்,
தணிந்தால் இருக்கட்டுமென்று ஓர் உயில்.

ஆகஸ்ட் பதிமூன்று, இன்னும் இரண்டு நாள்.
நோட்டரிப் பையன் அடையாள அட்டை கேட்டான்
செத்தவளிடம்.
ஐலி கங்காஸ் ஆகிய நான் துறக்கிறேன்.
துறவிகள் சொல்கிற சொல்.
எனக்கோ மதியம் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது.

காரில் உட்கார்ந்து யோசித்தேன்.
நான் முன்பே போயிருந்தால்
அவன்தானே என்னைப் புதைத்திருப்பான்,
அந்தப் பச்சை டையைக் கட்டிக்கொண்டு,
எந்தப் பாட்டென்று தெரியாமல்
வாயை மட்டும் அசைத்தபடி.
சிரிப்பு வந்தது. அப்புறம்
சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரமானது.

அக்டோபரில் மார்லிஸ் கூப்பிட்டாள்.
அத்தை, கடிதம் வந்தது.
நன்றி சொல்லவில்லை.
விற்றுவிடலாமா, என்ன விலை போகும் என்றாள்.
செத்தவள் பேசக் கூடாதென்று
ஒரு கணம் பேசாமலிருந்தேன்.
ஆனால் என் பாதி உயிரோடிருக்கிறதே.

முதலில் வா என்றேன்.
துறையில் மேற்குப் பக்கம் ஒரு பலகை ஆடுகிறது.
அது உன்னுடையது.